ஜெபத்தில் ஆண்டவரிடம் வழி கேட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாலிபர் கூட்டத்திலும் வீட்டு ஜெபக் குழுவிலும் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள் இவை. வேலை, மேற்படிப்பு, திருமணம், வெளிநாடு என்று விஷயம் மாறினாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: 'இதில் ஆண்டவருடைய சித்தம் என்ன என்று எனக்கு எப்படித் தெரியும்?' சீர்திருத்த சபைப் பின்னணியிலிருந்து, பழைய தமிழ் வேதாகமத்தை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். சில பதில்கள் நீளும், சில நாலு வரியில் முடியும்.

'கர்த்தர் என்னோடு பேசினார்' என்கிறார்களே, காதில் குரல் கேட்குமா?

பெரும்பாலும் கேட்காது. வேதத்திலேயே அப்படிக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான், அவர்களுக்கும் எப்போதும் உடனே பிடிபடவில்லை. சாமுவேலைக் கர்த்தர் கூப்பிட்டபோது அந்தப் பிள்ளை மூன்று முறை எழுந்து ஆசாரியனாகிய ஏலியிடம் ஓடினான். நான்காவது முறைதான், ஏலி சொல்லிக்கொடுத்தபடி, 'சொல்லும். அடியேன் கேட்கிறேன்' என்றான். ஓரேப் மலையில் எலியாவுக்கு முன்பாகப் பெருங்காற்றும் பூமியதிர்ச்சியும் அக்கினியும் வந்துபோயின. அவற்றில் எதிலும் கர்த்தர் இருக்கவில்லை. எலியா முகத்தை மூடிக்கொண்டு வெளியே வந்தது அதற்குப் பின் கேட்ட அமர்ந்த மெல்லிய சத்தத்துக்காக.

நம்மில் அநேகருக்கு நடப்பது இன்னும் சாதாரணமானது. வாசிக்கிற வசனம் ஒன்று நம் நிலைமையை நேராகத் தொடும். ஜெபிக்கும்போது ஒருவருடைய பெயர் நினைவுக்கு வந்து போகவே போகாது. தனித்தனியாக விசாரித்த நாலு பெரியவர்களும் ஒரே ஆலோசனையைச் சொல்வார்கள். சபையில் 'உணர்த்தினார்', 'பாரம் கொடுத்தார்' என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

பவுலின் இரண்டாம் பயணத்தைப் பாருங்கள் (அப்போஸ்தலர் 16). ஆசியாவில் (இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி) வசனம் சொல்லத் தடை. பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார்கள், அங்கும் தடை. துரோவாவுக்கு வந்த பிறகுதான் மக்கெதோனியன் ஒருவன் கூப்பிடுகிற தரிசனம் இராத்திரியில் வந்தது. தரிசனத்தைக் கண்டவர் பவுல் ஒருவர். ஆனால் கர்த்தர் அழைத்தாரென்று 'நாங்கள் நிச்சயித்துக்கொண்டு' புறப்பட்டோம் என்று பன்மையில் எழுதுகிறார் லூக்கா. இரண்டு அடைத்த கதவு, ஒரு தரிசனம், கூட இருந்தவர்களின் கலந்தாலோசனை, எல்லாம் சேர்ந்துதான் ஒரு வழிநடத்துதல்.

தாழ்மை ஏன் இவ்வளவு முக்கியம்? விசுவாசம் இருந்தால் போதாதா?

எரேமியா 42, 43 ஆகிய இரண்டு அதிகாரங்களையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். ஜெபத்தைப் பற்றி வேதத்தில் இதைவிடச் சங்கடமான பகுதி எனக்குத் தெரிந்து இல்லை.

எருசலேம் விழுந்துவிட்டது. பாபிலோன் ராஜா நியமித்த அதிகாரி கெதலியாவும் கொலையாகிவிட்டான். மிஞ்சிய ஜனங்கள், பாபிலோனியர் பழிவாங்க வருவார்கள் என்ற பயத்தில், எகிப்துக்குப் போவதற்காகப் பெத்லெகேமுக்குப் பக்கத்தில் வந்து தங்கியிருக்கிறார்கள். அங்கிருந்து எரேமியா தீர்க்கதரிசியிடம் வருகிறார்கள். நாங்கள் நடக்கவேண்டிய வழியைக் கர்த்தரிடம் கேட்டுச் சொல்லும் என்று கெஞ்சுகிறார்கள். நன்மையானாலும் தீமையானாலும் கீழ்ப்படிவோம் என்று கர்த்தரையே சாட்சியாக வைத்து வாக்குக் கொடுக்கிறார்கள். பார்வைக்கு இதில் என்ன குறை? விசுவாசம் இருக்கிறது, பணிவான வார்த்தை இருக்கிறது, கூட்டு ஜெபமும் இருக்கிறது.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது: இந்தத் தேசத்திலேயே இருங்கள், எகிப்துக்குப் போகாதேயுங்கள். உடனே அசரியாவும் யோகனானும் மற்றவர்களும், 'நீ பொய் சொல்லுகிறாய்' என்று எரேமியாவை நோக்கித் திரும்பினார்கள். எழுத்தனாகிய பாருக்குதான் உன்னை ஏவிவிடுகிறான் என்றும் பழி போட்டார்கள். கடைசியில் எகிப்துக்கே போனார்கள், எரேமியாவையும் இழுத்துக்கொண்டு.

கேட்பதற்கு முன்பே அவர்கள் எகிப்துப் பாதையில் கூடாரம் போட்டிருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது வழியல்ல, போகிற வழிக்கு ஒரு ஆசீர்வாதம். நம் ஜெபக் குறிப்புகளில் பாதி இந்த வகைதான் என்று சொல்லத் துணிவேன். பெண் பார்த்து, தேதி குறித்து, மண்டபத்துக்கு முன்பணமும் கட்டிவிட்டு, 'ஆண்டவருடைய சித்தம் அறிய ஜெபியுங்கள் ஐயா' என்று போதகரிடம் வருவோம்.

ஜெபத்தில் தாழ்மை என்பது குரலைத் தணித்துப் பேசுவதோ, 'நான் ஒன்றுமில்லாத புழு' என்று சொல்வதோ அல்ல. 'இல்லை' என்ற பதிலுக்கும் இடம் வைத்துக் கேட்பது. 'சாந்தகுணமுள்ளவர்களுக்குத் தமது வழியைப் போதிக்கிறார்' என்று 25ஆம் சங்கீதம் சொல்வதை நான் இப்படித்தான் வாசிக்கிறேன். வழியைப் போதிக்க வேண்டுமானால் திரும்பச் சம்மதிக்கிற ஆள் வேண்டும்.

அப்படியானால் எனக்கென்று ஒரு விருப்பம் இருப்பதே தவறா?

தவறில்லை. 'இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால்' என்று கெத்செமனேயில் ஆண்டவரே தம் விருப்பத்தைச் சொன்னார். விருப்பத்தை மறைத்துவிட்டு, 'எதுவானாலும் சரி' என்று நடிப்பதுதான் கோளாறு. கேட்கிறவருக்கு நம் மனது தெரியாதா என்ன?

இந்த விஷயத்தில் ஜார்ஜ் முல்லரின் பழக்கம் கற்றுக்கொள்ளத் தக்கது. 1805இல் பிரஷ்யாவில் பிறந்து, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1836இல் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் தொடங்கியவர். 1898இல் அவர் இறப்பதற்குள் பத்தாயிரம் பிள்ளைகளுக்கு மேல் அந்த இல்லங்களில் வளர்ந்தார்கள். பணத்துக்காக மனிதரிடம் கைநீட்டாமல், தேவையை ஜெபத்தில் மட்டும் சொல்வது என்று தீர்மானித்து நடத்தியவர். ஆண்டவருடைய சித்தத்தை எப்படி அறிகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன முதல் படி: குறிப்பிட்ட அந்தக் காரியத்தில் என் இருதயத்துக்கு எந்தப் பக்கமும் சாய்வு இல்லாத நிலைக்கு வரப் பார்க்கிறேன். மக்கள் படுகிற சிரமத்தில் பத்தில் ஒன்பது பங்கு இங்கேதான் என்பது அவருடைய கணிப்பு. அந்த நிலைக்கு வந்துவிட்டால் மீதி வழி அவ்வளவு தூரம் இல்லை.

முல்லரின் மைத்துனர் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் தென்னிந்தியாவில் ஊழியம் செய்தவர். அவரிடம் பழகிய திருநெல்வேலிச் சீமையின் அருளப்பனும் இப்படித்தான், மிஷனரிச் சங்கத்தின் சம்பளத்தை நம்பாமல், கிறிஸ்தியான்பேட்டையில் ஊழியம் செய்தார். 1860இல் அந்தப் பகுதியில் உண்டான எழுப்புதலைப் பற்றிப் பேசும்போது அவர் பெயர் வராமல் இருக்காது. ஆகவே இதை வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் சாத்தியப்பட்ட காரியம் என்று தள்ளிவிட வேண்டாம்.

நடைமுறையில் நான் சொல்வது ஒன்று. ஜெபிக்கும் முன் ஒரு தாளில் 'இல்லை என்று பதில் வந்தால் திங்கட்கிழமை காலையில் நான் என்ன செய்வேன்?' என்று எழுதி, அதற்குப் பதிலும் எழுதுங்கள். எழுதக் கை வரவில்லையென்றால், முதலில் அதற்காகவே ஜெபிக்க வேண்டியிருக்கிறது.

ஒரே காரியத்தை மறுபடி மறுபடி கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் எதற்காகக் கேட்கிறோம் என்று பார்க்க வேண்டும். தாவீது பெலிஸ்தரோடு யுத்தம் செய்யப் போகலாமா என்று கேட்டான், போ என்று பதில் வந்தது, ஜெயித்தான். அதே பெலிஸ்தர் அதே ரெப்பாயீம் பள்ளத்தாக்குக்குத் திரும்ப வந்தபோது, போன தடவை சொன்னதே போதும் என்று இருந்துவிடாமல் மறுபடி கேட்டான். இந்த முறை பதில் வேறு: நேராகப் போகாதே, பின்னாலே சுற்றிப் போ.

இஸ்ரவேலைச் சபிக்க வரும்படி மோவாபின் ராஜாவாகிய பாலாக் ஆள் அனுப்பியபோது பிலேயாமும் இரண்டு முறை கேட்டான். முதல் முறையே 'நீ அவர்களோடே போகவேண்டாம்' என்று தெளிவாகச் சொல்லியாகிவிட்டது. பாலாக் இன்னும் கனவான்களான பிரபுக்களை அனுப்பி, மிகவும் கனம்பண்ணுவேன் என்றதும், இந்த ராத்திரி தங்குங்கள், மேலும் என்ன சொல்வார் என்று பார்க்கிறேன் என்றான். தாவீதுக்கு நிலைமை மாறியிருந்தது. பிலேயாமுக்குச் சம்பளம் மட்டும் மாறியிருந்தது.

எனக்குச் சந்தேகம் வருகிறது. 'சந்தேகப்படாமல் விசுவாசத்தோடே கேட்கக்கடவன்' என்று யாக்கோபு சொல்கிறாரே?

அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். ஞானத்தில் குறைவுள்ளவன் கேட்கட்டும் என்கிறார், தேவன் 'ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர்' என்கிறார். கேள்வியோடு வருகிறவனைத் திட்டி அனுப்புகிறவர் அல்ல என்பதுதான் தொடக்கமே. யாக்கோபு கண்டிக்கிறது இருமனமுள்ளவனை, ஒரு காலை இங்கும் ஒரு காலை அங்கும் வைத்துக்கொண்டு, எந்தப் பதில் லாபமோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்று நிற்கிறவனை. பிசாசு பிடித்த மகனைக் கொண்டுவந்த தகப்பன், 'விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்' என்று கண்ணீரோடே கதறினான். அந்தப் பாதி விசுவாசத்தோடு வந்தவனுடைய மகன் சுகமானான்.

விசுவாசம் வளர்வது எப்படி என்றால், ஏற்கெனவே தெரிந்ததைச் செய்வதில். அவருடைய சித்தத்தின்படி செய்ய மனதுள்ளவன் உபதேசத்தை அறிந்துகொள்வான் என்று யோவான் 7:17இல் ஆண்டவர் சொல்கிற வரிசை அதுதான். தம்பியோடு சொத்துத் தகராறில் பேச்சு நின்று வருடக்கணக்காகிறது, அங்கே போய் ஒப்புரவாகு என்று வசனம் இருக்கிறது. அதை ஓரமாக வைத்துவிட்டு, கனடாவுக்குப் போகலாமா என்பதற்கு வெளிப்பாடு கேட்டு முழு இரவு ஜெபத்தில் உட்கார்ந்தால் என்ன வரும்?

சீட்டுப் போட்டுப் பார்க்கலாமா? கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து வருகிற வசனத்தை எடுத்துக்கொள்ளலாமா?

நம் வீடுகளில் இது அதிகம். சாமி படத்துக்கு முன்னால் பூப்போட்டுப் பார்ப்பதைக் கேலி செய்துவிட்டு, நாம் சீட்டை வேதாகமத்துக்குள் வைத்து எடுக்கிறோம்.

சீட்டுப் போடுவது வேதத்தில் உண்டு. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்துகொண்டது சீட்டுப் போட்டுத்தான். ஆனால் அதன் பின், பரிசுத்த ஆவியானவர் சீஷர்மேல் இறங்கின பெந்தெகொஸ்தே நாள் வருகிறது. அதற்கு அப்புறம் சபை எந்த முடிவையும் சீட்டில் எடுத்ததாகப் புதிய ஏற்பாட்டில் இல்லை. அப்போஸ்தலர் 15இல், புறஜாதியார் விருத்தசேதனம் பண்ணிக்கொள்ள வேண்டுமா என்ற பெரிய பிரச்சினைக்கு, உட்கார்ந்து பேசினார்கள், வாதாடினார்கள், வேதத்தை எடுத்துக் காட்டினார்கள். கடைசியில் 'பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது' என்று கடிதம் எழுதினார்கள். ஆவியானவரின் நடத்துதலும் மனிதர்களின் விவாதமும் ஒரே வாக்கியத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

பனி தோலின்மேல் மட்டும் பெய்ய வேண்டும் என்று அடையாளம் கேட்டுக் கிதியோன் தோலைப் போட்டதைச் சிலர் ஆதாரமாகக் காட்டுவார்கள். கிதியோனுக்குப் பதில் முன்பே தெளிவாகக் கிடைத்திருந்தது. இரண்டாம் முறை தோல் போடும்போது, 'என்மேல் கோபம் மூளாதிருப்பதாக' என்று அவனே சொல்லிக்கொள்கிறான். தேவன் அவன் பயத்தைப் பொறுத்துக்கொண்டார் என்றுதான் அதிலிருந்து தெரிகிறது.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாங்குகிற வாக்குத்தத்த அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆறுதலுக்கு நல்லது, என் வீட்டுச் சுவரிலும் உண்டு. ஆனால் விசா விண்ணப்பத்தை அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். காலண்டர்களில் எல்லாருக்கும் பிடித்த எரேமியா 29:11, 'அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே' என்பது, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தின வசனத்தில் 70 வருஷம் என்று இருக்கிறது. அந்த எழுபதை எந்த அட்டையிலும் அச்சடித்து நான் பார்த்ததில்லை!

மனதில் தோன்றுவது ஆண்டவருடைய நடத்துதலா, என் சொந்த எண்ணமா? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

நூறு சதவீதம் பிரித்துவிடும் கருவி எதுவும் இல்லை. முன்னோர் கைக்கொண்ட சில வழிகள் உண்டு.

முல்லர் வசனத்தையும் ஆவியானவரையும் பிரிக்க மாட்டார். வசனம் இல்லாமல் உள்ளுணர்வை மட்டும் பார்த்தால் பெரிய ஏமாற்றங்களுக்கு ஆளாவேன் என்று எச்சரித்தார். வேதத்துக்கு முரணான 'வெளிப்பாடு' வந்தால் அதன்மேல் ஜெபிக்கக்கூடத் தேவையில்லை. அதன்பின் சூழ்நிலைகளைக் கவனிப்பார், ஜெபத்தில் கேட்பார், பிறகு தமக்குத் தெரிந்த அளவில் யோசித்து ஒரு முடிவுக்கு வருவார். இன்னும் சில முறை ஜெபித்த பின்னும் மனம் அமைதியாக இருந்தால் நடப்பார்.

இன்னொன்றைக் கத்தோலிக்கரிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன், யாரும் முகம் சுளிக்க வேண்டாம். 1521இல் பாம்ப்லோனா யுத்தத்தில் பீரங்கிக் குண்டில் கால் நொறுங்கி, லொயோலாவில் படுக்கையில் கிடந்தார், பின்னாளில் இயேசு சபையைத் தோற்றுவித்த இக்னேசியஸ். போர்வீரனாகப் புகழடைவதையும் ஒரு சீமாட்டியின் மனதைக் கவர்வதையும் கற்பனை செய்வார், இனிக்கும். பரிசுத்தவான்களைப் போல வாழ்வதை நினைப்பார், அதுவும் இனிக்கும். வித்தியாசம் பிறகு தெரிந்தது. முதலாவது முடிந்தபின் மனம் வறண்டுபோயிற்று, இரண்டாவது முடிந்தபின்னும் மகிழ்ச்சி நின்றது. ஆகவே ஒரு எண்ணம் வரும்போது எப்படி இருக்கிறது என்பதோடு நிறுத்தாமல், அது போனபின் மனதில் எதை விட்டுவிட்டுப் போகிறது என்று சில நாள் கவனியுங்கள். அவசரப்படுத்துகிற, மிரட்டுகிற, 'இப்போதே செய், யாரிடமும் சொல்லாதே' என்கிற எண்ணத்தை நான் உடனே சந்தேகிப்பேன்.

'உள்ளத்தில் சமாதானம் இருக்கிறது, அதனால் ஆண்டவருடைய சித்தம்தான்' என்று மட்டும் முடித்துவிடாதீர்கள். கர்த்தருடைய கட்டளைக்குத் தப்பி ஓடின யோனா, தர்ஷீசுக்குப் போகிற கப்பலின் கீழ்த்தட்டில் அயர்ந்த நித்திரை பண்ணினான். கெத்செமனேயில் பிதாவின் சித்தத்துக்குச் சம்மதித்தவருடைய வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய் விழுந்தது. சமாதானம் ஒரு சாட்சி, ஒரே சாட்சி அல்ல.

ஒருவர் வந்து, 'உங்களைக் குறித்து எனக்கு வெளிப்பாடு கிடைத்தது' என்று சொன்னால்?

மரியாதையோடு கேட்டுக்கொள்ளுங்கள். கீழ்ப்படிய அவசரப்படாதீர்கள். 'எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்' என்பது தீர்க்கதரிசனங்களைப் பற்றிச் சொன்ன அதே இடத்தில்தான் வருகிறது (1 தெசலோனிக்கேயர் 5).

1 இராஜாக்கள் 13இல் யூதாவிலிருந்து வந்த தேவனுடைய மனுஷனுக்கு, அப்பம் புசியாமலும் தண்ணீர் குடியாமலும் வேறு வழியாய்த் திரும்பவேண்டும் என்று நேரடியான கட்டளை இருந்தது. பெத்தேலின் கிழத் தீர்க்கதரிசி வந்து, ஒரு தூதன் என்னோடே பேசினான், வா சாப்பிடலாம் என்று பொய் சொன்னான். இவன் நம்பிப் போனான். திரும்பும் வழியில் சிங்கம் கொன்றுபோட்டது. வயதும் பட்டமும் உள்ள ஊழியக்காரர் சொன்னார் என்பது போதுமான காரணமாகாது.

சொன்னது மெய்யாக இருந்தாலும் அதிலிருந்து எடுக்கிற முடிவு தவறாகலாம். எருசலேமில் பவுலைக் கட்டுவார்கள் என்று அகபு என்ற தீர்க்கதரிசி சொன்னது சரி. அதனால் போகவேண்டாம் என்று கூட இருந்தவர்கள் அழுதார்கள். பவுல் அதே செய்தியைக் கேட்டுவிட்டுப் போகவே புறப்பட்டார்.

திருமண விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். 'கர்த்தர் உன்னை எனக்குக் காட்டினார்' என்று ஒரு பெண்ணிடம் சொல்வது அவளுடைய 'இல்லை'யைப் பறிக்கிற பேச்சு. ஆண்டவர் உனக்குக் காட்டினால் அவளுக்கும் காட்டட்டும். 'எனக்குப் பிடித்திருக்கிறது, வீட்டில் பேசட்டுமா' என்று கேட்கிற தைரியம் இல்லாதவன்தான் பெரும்பாலும் ஆண்டவரைத் தரகராக்குகிறான் என்பது என் அனுபவத்தில் கண்டது. தொலைபேசியில் தீர்க்கதரிசனம் சொல்லி, முடிவில் வங்கிக் கணக்கு எண் தருகிறவர்களைப் பற்றி விளக்கம் தேவையில்லை.

உபவாசம் இருந்தால் பதில் சீக்கிரம் வருமா?

தானியேல் 10இல் மூன்று வாரம் உபவாசித்தவனிடம் தூதன் சொன்னது: நீ மனதைச் சிறுமைப்படுத்தின முதல்நாளிலேயே உன் வார்த்தைகள் கேட்கப்பட்டது. ஆகவே பட்டினியின் அளவுக்கு ஏற்ப விலைபேசி வாங்குகிற காரியமல்ல. நம் மனது அடங்குவதற்கு உபவாசம் உதவும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுக்கிறவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் இருக்கவேண்டாம். சாப்பாட்டுக்குப் பதில் கைப்பேசியை ஒரு நாள் அணைத்து வைக்கலாம். சிலருக்கு அது இன்னும் கடினமான உபவாசம்.

மாதக்கணக்காகக் கேட்டும் ஒன்றும் வரவில்லை. என் விசுவாசம் குறைவா?

அப்படி முடிவுகட்ட வேண்டாம். சில கேள்விகளுக்குப் பதில் ஏற்கெனவே எழுதியிருக்கிறது. சிலவற்றில் தெரிந்தெடுக்கும் பொறுப்பை நம்மிடமே விட்டிருக்கிறார். விதவையின் மறுமணத்தைப் பற்றிப் பவுல், கர்த்தருக்குட்பட்டவனாக இருந்தால் 'தனக்கு இஷ்டமானவனாய் எவனையாகிலும்' விவாகம் பண்ணிக்கொள்ளலாம் என்கிறார். எல்லை ஒன்று, அதற்குள் இஷ்டம். இரண்டு நல்ல கல்லூரியில் எது என்பதற்கு, கட்டணம், தூரம், பாடப்பிரிவு பார்த்து முடிவெடுங்கள். புத்தியும் அவர் கொடுத்ததுதான்.

சில மௌனங்களுக்கு எனக்கு விளக்கம் இல்லை. மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டார், அது நீங்கவில்லை, 'என் கிருபை உனக்குப்போதும்' என்ற வார்த்தை கிடைத்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடமும் நோயில் கிடப்பவர்களிடமும் போய், 'விசுவாசம் பத்தவில்லை' என்று சொல்கிறவர்கள் அந்த வசனத்தைத் திரும்ப வாசிக்க வேண்டும்.

ஒருவேளை உண்மையிலேயே காதில் குரல்கள் கேட்டு, அவை உங்களையோ மற்றவரையோ காயப்படுத்தச் சொன்னால், தூக்கமில்லாமல் நாட்கள் போனால், வீட்டாரிடம் சொல்லி மனநல மருத்துவரைப் பாருங்கள். ஜெபமும் நடக்கட்டும், மருந்தும் நடக்கட்டும்.

தினமும் எப்படிப் பழகுவது?

காலையில் ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். கேட்க வேண்டியதை ஒரே வாக்கியத்தில் கேளுங்கள். பிறகு ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். நம் ஜெபக் கூட்டங்களில் மௌனம் வந்தால் யாராவது உடனே பாட்டு எடுத்துவிடுவார்கள், வீட்டிலாவது விடுங்கள். ஆபகூக் தீர்க்கதரிசி காவலில் நின்று, 'அவர் எனக்கு என்ன சொல்லுவார்' என்று பார்த்திருந்தான், எழுது என்ற கட்டளை வந்தது. நீங்களும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துப் புரட்டினால், எது நிலைத்தது, எது அன்றைக்கு வந்த வெறும் ஆசை என்பது உங்களுக்கே தெரியும்.

கிடைத்ததை சபையில் சாட்சியாகச் சொல்ல வேண்டுமா?

அவசரமில்லை. யோசேப்பு பதினேழு வயதில் தன் சொப்பனத்தை அண்ணன்மாரிடம் சொல்லி, பகையைச் சம்பாதித்தான். மூன்றாம் வானம்வரை எடுக்கப்பட்ட மனுஷனைப் பற்றிப் பவுல் பேசுவது பதினான்கு வருஷம் கழித்து, அதுவும் தன் பெயரைச் சொல்லாமல். காரியம் நடந்து முடிந்தபின் சொல்லுங்கள். சொல்லும்போது, 'கர்த்தர் சொன்னார்' என்பதைவிட 'இதுதான் வழி என்று நாங்கள் புரிந்துகொண்டோம், இன்னாரிடம் ஆலோசனை கேட்டோம், இப்படி நடந்தது' என்று சொன்னால், கேட்கிற பிள்ளைகளுக்கு அது உபயோகமாக இருக்கும்.